மழைக்கு லீவு விடலாமா? பருவத்தை ஒட்டி வாசிக்கவும் கருத்து எழுதவும்

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எந்தக் கட்டுரை நோட்டைப் புரட்டினாலும் 'மழைக்காலம்' என்று ஒரு பக்கம் இருக்கும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. "மழை உயிர்களுக்கு இன்றியமையாதது" என்று தொடங்கி "மழைநீரைச் சேமிப்போம்" என்று முடியும். முப்பது நோட்டிலும் அதே வரிகள், அதே வரிசை. அந்தப் பக்கத்தை எழுதிய பிள்ளை அன்று காலை கணுக்கால் தண்ணீரில் புத்தகப்பையைத் தலையில் வைத்து நடந்து வந்திருக்கும். வீட்டில் ஒழுகும் இடத்துக்கு எந்தப் பாத்திரம், எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படியாக இருக்கும். அதில் ஒரு சொல்கூட நோட்டில் இராது.

தொடக்கப்பள்ளியில் கருத்து எழுதக் கற்றுக்கொடுக்கப் பருவத்தைவிடத் தோதான பொருள் இல்லை. பருவத்தைப் பற்றிப் பேச ஒவ்வொரு பிள்ளையிடமும் சொந்தச் சான்று இருக்கிறது. அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் சொந்தச் சான்று மட்டும் இருந்தால் அது விருப்பத்தோடு நின்றுவிடும். "எனக்கு மழை பிடிக்கும்" என்பது விருப்பம். பிள்ளை தானாகப் பார்த்திருக்க முடியாத ஒன்றை வாசிப்பு கொண்டுவந்து எதிரே வைக்கும்போதுதான் விருப்பம் கருத்தாக மாறத் தொடங்கும். ஆகவே வாசிப்பை ஒரு பாடவேளையிலும் எழுத்தை வேறொரு வாரத்திலும் நடத்தினால் இரண்டும் வீண். ஒரே வாரம், ஒரே பொருள்.

கேள்வியைத் தேர்வதில்தான் பாதி வேலை

"மரம் வளர்ப்பது நல்லதா?" என்று கேட்டால் வகுப்பே "ஆமாம்" என்று கத்தும். மறுபக்கம் இல்லாத கேள்வியில் கருத்துக்கு இடமில்லை. முப்பது பேர் வகுப்பில் எட்டுப் பேராவது மறுபக்கம் நிற்கும் கேள்வியா என்று முதலில் கைதூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்காவிட்டால் கேள்வியை மாற்றுங்கள். கேள்வி பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அடுத்தது. "பருவநிலை மாற்றத்தை எப்படித் தடுப்பது?" என்பது நான்காம் வகுப்புக்குரிய கேள்வி அல்ல. "கனமழை அன்று பள்ளிக்கு லீவு விட வேண்டுமா, வேண்டாமா?" என்பதற்கு வகுப்பில் கருத்தில்லாத பிள்ளையே இருக்காது.

இந்த மழை விடுமுறைக் கேள்வியை விரிவாகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில், அதாவது பள்ளியின் இரண்டாம் பருவத்தின் நடுவில், ஒரு வாரம் இதற்குப் போதும். நாளுக்கு ஒரு நாற்பது நிமிட வேளை.

வாரம் தொடங்கும் முன் மழைமானி ஒன்று செய்து வைத்துவிடுங்கள். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டிலை, கழுத்து சரியத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல உள்ளே பொருத்துங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அங்கிருந்து அளந்தால் கணக்கு தப்பும். எனவே கூழாங்கல் போட்டு, பக்கங்கள் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டு அதைச் சுழியம் என்று வையுங்கள். கல் போடுவதால் காற்றிலும் சாயாது. அங்கிருந்து மேல்நோக்கி மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றை ஒட்டுங்கள். கூரை விளிம்பிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, திறந்தவெளியில் செங்கற்களுக்கு நடுவே நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரை மறுபடி சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாள் என்று கணக்கிடுகிறது. அந்த நேரத்தை ஒட்டிப் பார்த்தால் செய்தித்தாளோடு ஒப்பிடலாம். ஓட்டுக்கூரையின் தாழ்வாரத்தடியில் வைத்துவிட்டு "நூறு மில்லிமீட்டர்!" என்று ஓடிவருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அது கூரை முழுவதும் சேர்த்த தண்ணீர். தவறைத் திருத்தும் முன் காரணத்தைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கவிடுங்கள், நல்ல பேச்சு வரும்.

முதல் நாள் வாசிப்பு. நான்காம் வகுப்புக்கு நூறு, நூற்றிருபது சொற்களுக்கு மேல் வேண்டாம். நூறு சொல்லில் ஐந்துக்கும் மேல் தடுக்கினால் அந்தப் பிள்ளைக்கு அந்தப் பத்தி கடினம். செய்தித்தாளில் வரும் மழைச் செய்தியை அப்படியே கொடுத்தால் 'வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி' என்ற இடத்திலேயே வண்டி நின்றுவிடும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இப்படி:

"ஒரு நாளில் பெய்த மழையை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் அது கனமழை. 115.6 முதல் 204.4 வரை என்றால் மிகக் கனமழை. அதற்கும் மேலே போனால் அதிகனமழை. மழை வரும் முன்பே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தால் எச்சரிப்பார்கள். மாவட்ட ஆட்சியர் நிலைமையைப் பார்த்துப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பார்."

ஆசிரியர் ஒருமுறை வாசிக்க, பிறகு இருவர் இருவராக வாசிக்கட்டும். எண்களை வட்டமிடச் சொல்லுங்கள். நம் மானியில் இன்று காட்டிய அளவு இதில் எந்தப் படியில் வருகிறது என்று கேளுங்கள். இதோடு முதல் நாள் முடிந்தது, எழுத்து வேண்டாம்.

இரண்டாம் நாள் தரையில் சாக்பீஸ் கோடு. ஒரு சுவர் 'லீவு விடணும்', எதிர்ச்சுவர் 'வேண்டாம்'. முழுச் சம்மதம் உள்ளவர் சுவரோரம், பாதி மனது உள்ளவர் நடுவில். ஆனால் கோட்டில் நிற்கும் முன் ஒவ்வொருவரும் தாளில் தம் பக்கத்தை எழுதி மடித்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிட்டால் கூட்டாளி நிற்கும் இடத்தில்தான் எல்லாரும் நிற்பார்கள், கெட்டிக்காரப் பிள்ளை நிற்கும் பக்கம் வகுப்பே சாயும். பேச்சு நடக்கும்போது இடம் மாறலாம். மாறுகிறவர் யார் சொன்னது தன்னை மாற்றியது என்று சொல்லிவிட்டு மாற வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஆசிரியர் எந்தப் பக்கம் என்பது தெரியக் கூடாது. "ஆமா, சரியா சொன்ன" என்று ஒரு தலையாட்டல் போதும், மறுபக்கம் காலியாகிவிடும்.

மூன்றாம் நாள் மறுபக்க வாசிப்பு. முந்தைய நாள் கோட்டில் பெரும்பாலோர் 'லீவு' பக்கம்தான் இருப்பார்கள், அதில் வியப்பில்லை. இப்போது அவர்கள் நினைத்துப் பார்த்திராததைக் கொடுங்கள். மழைக்கு விட்ட நாளுக்கு ஈடாகப் பின்னால் சனிக்கிழமை வகுப்பு வைப்பதுண்டு. அரசுத் தொடக்கப்பள்ளியில் விடுமுறை என்றால் காலை உணவும் மதிய சத்துணவும் அன்று இல்லை. கூலி வேலைக்குப் போகும் அம்மா அப்பா பிள்ளையை யாரிடம் விடுவது? இதே போல மறுபுறமும்: ஒழுகும் வகுப்பறை, நனைந்த மின்கம்பம், வாய்க்காலைத் தாண்டி வரும் பிள்ளைகள். உணவைப் பற்றிப் பேசும்போது ஒரு கவனம் தேவை. "யார் வீட்டுல சாப்பாடு இருக்காது?" என்று கைதூக்கச் சொல்லவே கூடாது. தாளில் உள்ள செய்தியாகவே அது இருக்கட்டும். சொந்த வீட்டைச் சொல்லலாமா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும்.

அன்றே காரணங்களைச் சேர்க்கவும் வேண்டும். ஒவ்வொரு காரணத்தின் பக்கத்திலும் ஒரு சின்னப் படம்: தானே பார்த்தது என்றால் கண், படித்தது என்றால் புத்தகம், யாரோ சொன்னது என்றால் காது. நான்காம் வகுப்பு எழுத்தில் ஒரு கண்ணும் ஒரு புத்தகமும் கட்டாயம். இந்தப் படங்கள் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம், ஆனால் வாசிப்பையும் எழுத்தையும் ஒட்டவைக்கும் பசை இதுதான். வெறும் காதுப் படங்களாக இருக்கும் தாளைப் பார்த்ததுமே அந்தப் பிள்ளைக்கு என்ன குறைகிறது என்று தெரிந்துவிடும். அதுவே போய்த் தேடும்.

நான்காம் நாள் எழுத்து. மூன்றாம் வகுப்புக்கு மூன்று வாக்கியம், நான்காம் வகுப்புக்கு ஐந்தாறு, ஐந்தாம் வகுப்புக்கு எட்டு முதல் பத்து. ஐந்தாம் வகுப்பில் ஒரு வாக்கியமாவது மறுபக்கத்தாருக்குப் பதிலாக இருக்க வேண்டும்: "சனிக்கிழமை வகுப்பு வருமே என்பார்கள். ஆனாலும்..." போர்டில் மாதிரி எழுதிக் காட்டுவதானால் வேறு பொருளில் எழுதிக் காட்டுங்கள். 'மழை நாளில் விளையாட்டு வேளையை என்ன செய்வது?' என்று வைத்துக்கொள்ளலாம். லீவைப் பற்றியே மாதிரி எழுதினால் முப்பது நோட்டிலும் உங்கள் மாதிரிதான் திரும்பி வரும். பழைய கட்டுரை நோட்டுக்கே போய்விடுவோம்.

ஐந்தாம் நாள் வாசித்துக் காட்டல். கேட்கும் பிள்ளைக்கு ஒரே வேலை, "அதனால என்ன?" என்று ஒருமுறை கேட்பது. அதற்கு வரும் பதிலை ஒரு வாக்கியமாகச் சேர்த்தால் போதும். முழுவதையும் திருப்பி எழுதச் சொல்ல வேண்டாம்.

தமிழ் வாக்கியம் எங்கிருந்து தொடங்குகிறது

கருத்து எழுதப் பழக்கும் பயிற்சித்தாள்கள் பலவும் ஆங்கில வழக்கத்திலிருந்து வந்தவை. முதலில் கருத்து, பிறகு 'ஏனென்றால்', பிறகு எடுத்துக்காட்டு, கடைசியில் மறுபடி கருத்து. தவறில்லை. ஆனால் நம் பிள்ளை பேசும்போது கேட்டுப் பாருங்கள்: "ரோட்ல தண்ணி நிக்குது, பஸ் வராது, அதனால லீவு விடணும்." காரணம் முன்னால், முடிவு பின்னால். தமிழின் இயல்பான நடை அது. 'அதனால்', 'என்பதால்', 'ஆகவே' எல்லாம் அந்தத் திசையில் போகிற சொற்கள். 'ஏனென்றால்' திசையில் மட்டுமே எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், சரளமாகப் பேசிய பிள்ளை எழுத்தில் தடுமாறும். இரண்டு திசையும் சரி என்று சொல்லி, ஒரே கருத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கவையுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று பிள்ளையே சொல்லும்.

"நான் நினைக்கிறேன் லீவு விட வேண்டும் என்று" என எழுதும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். தமிழில் நினைப்பு கடைசியில் வரும்: "லீவு விட வேண்டும் என்று நினைக்கிறேன்." அதுகூடப் பெரும்பாலும் தேவையில்லை. "விட வேண்டும்", "வேண்டாம்", "இதுதான் நல்லது" என்று முடித்தாலே அது கருத்து.

இதைவிடப் பெரிய தடை பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவே இருக்கிறது. கோட்டின்மேல் நின்று ஐந்து நிமிடம் வாதாடிய பிள்ளை, நோட்டைத் திறந்ததும் "மழை நல்லது" என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடிக்கும். கருத்து வறண்டதால் அல்ல. தான் பேசிய சொற்கள் நோட்டுக்கு ஆகாதவை என்று அது நினைக்கிறது. ஆகவே எழுத்தை இரண்டு தடவையாகப் பிரியுங்கள். முதல் தடவை ரஃப் நோட்டில் சொன்னதைச் சொன்னபடியே, 'நிக்குது', 'விடணும்' என்றே எழுதட்டும். இரண்டாம் தடவை சொற்களின் வாலை மட்டும் மாற்றுவது. இதற்குச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டிவையுங்கள்: ணும் என்றால் வேண்டும், நிக்குது என்றால் நிற்கிறது, ரோட்ல என்றால் சாலையில், தண்ணி என்றால் தண்ணீர். பிள்ளையின் வாக்கியம் அப்போது "சாலையில் தண்ணீர் நிற்கிறது. பேருந்து வராது. அதனால் விடுமுறை விட வேண்டும்" என்று ஆகிவிடும். கருத்தும் வரிசையும் பிள்ளையுடையவை. உடுப்பு மட்டும் மாறியிருக்கிறது. அம்மாவோ தாத்தாவோ சொன்னதை எழுதும்போது மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழை அப்படியே விடலாம். அந்த வரியில்தான் ஊர் தெரியும்.

அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு எனப்படும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைகள் சொல்லட்டும், ஆசிரியரோ முன்னேறிய மலர் நிலைப் பிள்ளையோ எழுதிக்கொள்ளலாம். பிறகு தன் வாக்கியத்தைத் தானே விரல் வைத்து வாசிப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு அன்றைய வாசிப்புப் பாடம். சொந்த வாக்கியத்தை எந்தப் பிள்ளையும் ஆர்வத்தோடு வாசிக்கும்.

ஆடியிலிருந்து பங்குனிவரை

ஆடிக்குப் பழமொழிகளே போதும். "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்", "ஆடிப்பட்டம் தேடி விதை." இரண்டும் மூன்றே சொல், மூன்றாம் வகுப்பே வாசித்துவிடும். இதில் எது நடந்ததைச் சொல்கிறது, எது மிகைப்படுத்துகிறது, எது 'இப்படிச் செய்' என்கிறது என்று கேளுங்கள். உண்மை வேறு, கருத்து வேறு என்று பாடம் எடுப்பதைவிட, அம்மி பறக்குமா என்ற ஒரு கேள்வி வேலையை முடித்துவிடும். பழைய தினசரி காலண்டர் தாள்களைச் சேர்த்து வையுங்கள். முன்பக்கம் தமிழ் மாதமும் தேதியும் வாசிக்கக் கிடைக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் கருத்துச் சீட்டுக்கு அளவான இடம். சின்னத் தாள் என்பதால் இரண்டு வரிதான் கொள்ளும். எழுத அஞ்சும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

தீபாவளிக் கேள்வி சூடானது. தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்ற கட்டுப்பாடு 2018 முதல் இருக்கிறது. 'இரண்டு மணி நேரம் போதுமா?' என்று கேளுங்கள். 'பட்டாசு வெடிக்கலாமா, கூடாதா?' என்று கேட்டால் கேள்வி அறிவுரையாகிவிடும். பிள்ளை உங்களுக்குப் பிடித்த பதிலை எழுதிவிட்டுச் சாயங்காலம் வெடிக்கப் போகும். வாசிக்க வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை எடுத்துக்கொள்ளலாம். சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம் இருக்கிறது. அங்கே கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை, ஊரே முடிவு செய்தது என்ற இடம்தான் பிள்ளைகளைப் பேசவைக்கும். இதற்கு எதிரே சிவகாசியை வையுங்கள். பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களைப் பற்றி ஒரு பத்தி. விருதுநகர் மாவட்டப் பள்ளி என்றால் வகுப்பில் பாதிப் பேரின் வீட்டுச் சோறு அது. அங்கே பறவைப் பத்தியை மட்டும் கொடுத்துவிட்டு எழுதச் சொல்வது நியாயமே இல்லை.

போகிக்கு 'பழையதில் எதை எரிக்கலாம், எதைக் கொடுத்துவிடலாம்?' என்று ஒரு பட்டியலே போதும். டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்க வேண்டாம் என்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேண்டுகோள் ஆண்டுதோறும் வரும். வாசிக்க அது இருக்கிறது. மாசியில் "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்." எந்த மாதக் குளிர் கொடியது? விடியற்காலைப் பாலுக்குப் போகும் பிள்ளையின் பதிலும் எட்டு மணிக்கு எழும் பிள்ளையின் பதிலும் ஒன்றாக இருக்காது.

ஐந்தாம் வகுப்பு என்றால் இன்னும் ஒரு படி ஏறலாம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதுகளையும் மாதங்களோடு ஒரு வட்டச் சார்ட்டில் எழுதி, 'இது நம் ஊருக்குப் பொருந்துகிறதா?' என்று கேளுங்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஆனால் நாகப்பட்டினத்துப் பிள்ளை கொட்டும் மழையைப் பார்ப்பது ஐப்பசி, கார்த்திகையில்; வால்பாறைப் பிள்ளைக்கோ முதுவேனில் என்று எழுதியிருக்கும் ஆனி, ஆடிதான் அடைமழை. நூலில் உள்ளதோடு மாறுபடலாம், மாறுபட்டால் சான்று காட்ட வேண்டும் என்று பத்து வயதில் பழகிக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான பொருள் கிடையாது.

நூல்களுக்குப் பஞ்சமில்லை. அரசின் வாசிப்பு இயக்கம் நிலைவாரியாக வெளியிட்ட நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவும் நிலைவாரியாகவும் கிடைக்கின்றன. மழைக்கதை மழையில், வெயில்கதை வெயிலில் என்று பிரித்து வைத்து, மாதத்துக்குப் பத்துப் புத்தகத்தை மட்டும் வெளியே எடுங்கள். அலமாரி முழுவதையும் திறந்துவிட்டால் பிள்ளைகள் அட்டையைப் பார்த்துக்கொண்டே வேளையைக் கழித்துவிடுவார்கள்.

திருத்தும்போது

சிவப்பு மைப் பேனாவை மேசைக்குள் வைத்துவிடுங்கள். ஒரு தாளில் இரண்டு திருத்தத்துக்கு மேல் வேண்டாம்: ஒன்று காரணத்தில், ஒன்று எழுத்தில். "லீவு வேண்டும், ஏனென்றால் லீவு நல்லது" என்பது சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கும் வாக்கியம், "உன் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் இது காரணமாகுமா?" என்று தாளின் ஓரத்தில் எழுதுங்கள். எழுத்துப்பிழையில், பொருளையே மாற்றுவதை மட்டும் பிடியுங்கள். மழை வாரத்தில் அது எது என்று முன்கூட்டியே தெரியும்: 'மலை பெய்தது.' மழை, மலை, மாலை, மாழை என்றெல்லாம் வரும். வாரம் தொடங்கும்போதே மழை, வெள்ளம், குளம், வெயில், பனி, காற்று, குளிர் ஆகிய சொற்களைப் பெரிதாக எழுதிப் போர்டின் ஓரத்தில் ஒட்டிவிட்டால் திருத்தும் வேலை பாதியாகக் குறையும். கருத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். காரணம் எத்தனை, கண்ணும் புத்தகமும் இருக்கிறதா என்பதற்குப் போடலாம். உங்கள் கருத்துக்கு எதிராக எழுதிய பிள்ளை குறைந்த மதிப்பெண் வாங்கினால், அடுத்த முறை வகுப்பில் ஒரே ஒரு கருத்துதான் இருக்கும்.

கடைசியில் சொல்கிறேன் என்ற இரண்டாவது காரணம் இதுதான்: பருவம் போய்விடும். ஐப்பசியில் எழுதிய சீட்டுகளைப் பெயரும் தேதியும் போட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஒழுகாத இடமாகப் பார்த்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பங்குனியில், வெயில் ஏறி, சனிக்கிழமை வகுப்புகளும் வந்துபோன பிறகு, அவரவர் சீட்டை அவரவர் கையில் திருப்பிக் கொடுங்கள். பழைய வரிகளை அடிக்கக் கூடாது. வேறு நிற மையில் கீழே இரண்டே வரி: இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாயா? மாறியிருந்தால் எது மாற்றியது? மழைமானி எண்களை எழுதிவைத்த சார்ட்டையும் அன்று சுவரில் மாட்டுங்கள். எந்த நாள் எவ்வளவு பெய்தது என்று பார்த்து எழுத அது வேண்டும்.